லத்தீனா, கிளாஸ் சிவ்வா: ஜிசிஎஸ்இ-க்கு எதை எடுப்பது?

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், பண்டைய கிரேக்க, ரோமானிய உலகைப் படிக்கச் சில பள்ளிகளில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று லத்தீன். மற்றது கிளாசிக்கல் சிவிலைசேஷன். பிள்ளைகள் வாயில் ‘கிளாஸ் சிவ்’. "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று நம் வீடுகளில் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம். அது பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு.

கிளாஸ் சிவ்வில் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஹோமரின் ஒடிசி, ரோமானிய நகர வாழ்க்கை, அக்காலப் பெண்களின் நிலை என்று இலக்கியமும் தொல்லியலும் கலந்து வரும். அடுத்த கட்டமான ஏ லெவலில் வெர்ஜிலின் லத்தீன் காவியமான ஈனியடும் சேரும். சான்றுகளை எடைபோட்டு வாதத்தைக் கோத்து எழுதப் பழகுவதால், சட்டமோ வரலாறோ படிக்கப்போகிற பிள்ளைக்கு நல்ல அடித்தளம். வரலாற்று ஆசிரியரோ ஆங்கில ஆசிரியரோ நடத்திவிடலாம் என்பதால் பள்ளிக்கும் சுலபம்.

லத்தீனுக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. 40 அரசுப் பள்ளிகளில் லத்தீனை வளர்க்க அரசே தொடங்கிய திட்டத்தின் நிதி, 2025 பிப்ரவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே நின்றது. பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆனாலும் இரண்டும் இருக்கிற பள்ளியென்றால் லத்தீனைத்தான் சொல்வேன். ‘கானிஸ் ஹோமினெம் மோர்டெட்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. முதல் இரண்டு சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் கடிப்பது நாய்தான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளை திணறுகிற இடம் இது. ‘மனிதனை நாய் கடிக்கிறது’ என்று வீட்டில் பேசிப் பழகிய பிள்ளைக்கு வேற்றுமை உருபு நாக்கிலேயே இருக்கிறது. அப்புறம், ஒடிசியின் மொழிபெயர்ப்பை எந்த வயதிலும் தனியாக எடுத்துப் படித்துவிடலாம். வினைத்திரிபுகளை மனதில் ஏற்ற வகுப்பும் வாத்தியாரும் வேண்டும்.

லத்தீன் இல்லாத பள்ளி என்றால் கிளாஸ் சிவ்வை தைரியமாக எடுக்கலாம். பள்ளியில் லத்தீனையும் கிரேக்கத்தையும் தொடாதவர்களும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கிளாசிக்ஸ் (பண்டைய கிரேக்க, ரோமானிய உலகம் பற்றிய) பட்டப்படிப்பில் சேர வழி உண்டு. கிரேக்கத்தையும் அங்கேயே தொடங்கலாம். சேரர் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அதே முசிறி வணிகம் பற்றிய கிரேக்க பாப்பிரஸ் ஏடு வியன்னாவில் இருக்கிறது. இரண்டையும் மூலத்திலேயே படிக்கிறவர்கள் நம் பிள்ளைகளிலிருந்தும் வரவேண்டும் என்பது என் ஆசை.

சரி, படிவத்தை நிரப்பும் முன் பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள்: குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் லத்தீன் வகுப்பு நடக்கும், பரீட்சை வரை ஆசிரியர் இருப்பாரா?