எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் வந்த 'சலான்' ஃபைல், போனது ₹1,87,400

ஈரோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரின் சம்பளக் கணக்கிலிருந்து முந்தாநாள் இரவுக்கும் நேற்றுக் காலைக்கும் நடுவில் ₹1,87,400 போய்விட்டது. மாமா யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. மோசடிக்காரன் போன் பண்ணவும் இல்லை. "ஓடிபி சொல்லாதீங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இனி பாதி எச்சரிக்கைதான். இப்போது ஃபோனே சொல்லிவிடுகிறது.

வந்தது 'ஆர்டிஓ சலான்' (போக்குவரத்து அபராத நோட்டீஸ்) என்ற பெயரில் ஓர் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார். கூட வேலை பார்ப்பவரின் வாட்ஸ்அப்பிலிருந்து, ஆபீஸ் குரூப்பில் வந்தது. அவர் ஃபோனில் ஏற்கெனவே இதே வைரஸ் இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறது. போன வாரம்தான் மாமா ஹெல்மெட் இல்லாமல் சிக்னல் கேமராவைத் தாண்டியிருந்தார். தமிழ்நாட்டில் அதற்கு ₹1,000 அபராதம். தெரிந்தவர் எண், மனதில் ஏற்கெனவே இருந்த பயம். இரண்டும் சேர்ந்ததும் நம்பிவிட்டார்.

ஃபைலைத் தொட்டதும் 'தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்' என்று ஃபோன் எச்சரித்தது. அனுமதி கொடுத்தார். அடுத்து, தன்னையே ஃபோனின் முதன்மை எஸ்எம்எஸ் ஆப்பாக வைக்கச் சொன்னது. எல்லாச் சேதமும் தொடங்கியது இங்கேதான். இதற்குச் சம்மதித்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் நேரே அந்த ஆப்புக்குப் போகும். அது மோசடிக்காரனுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடும். உங்கள் ஃபோனில் மணிகூட அடிக்காது. பிறகு 'சரிபார்ப்புக் கட்டணம் ₹1' என்று ஒரு பக்கம் வந்தது. கார்டு எண், முடியும் தேதி, சிவிவி எல்லாம் போட்டார். 'சர்வர் பிஸி, 24 மணி நேரம் கழித்து முயலவும்' என்று காட்டிவிட்டு ஆப்பின் ஐகானே திரையிலிருந்து மறைந்துவிட்டது.

இரவு 11.48-க்கு கார்டு வழியாக ₹49,900. அதே கார்டு விவரத்தையும் திருடிய ஓடிபியையும் வைத்து நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றி, 12.06-க்கு ₹98,500. நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: தேதி மாறினால் அன்றாட உச்சவரம்பு புதிதாகத் தொடங்கும், ஆளும் தூங்கிக்கொண்டிருப்பார்.

காலையில் இமெயிலில் வந்திருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. 6.10-க்கு அந்தத் தனியார் வங்கியின் கஸ்டமர் கேரைப் பிடித்தார். "கார்டை பிளாக் பண்ணிட்டோம் சார், கவலைப்படாதீங்க" என்றார்கள். 6.52-க்கு நெட் பேங்கிங் வழியாக இன்னொரு ₹39,000 போனது. புகார் கொடுத்து 42 நிமிஷம் கழித்து! கார்டை நிறுத்தினால் கார்டு மட்டும்தான் நிற்கும். நெட் பேங்கிங்கும் யுபிஐயும் திறந்தே கிடக்கும். இது அந்த ஊழியருக்குத் தெரியாதா? பாஸ்வேர்டு மாறியிருக்கிறது என்று அவர் திரையிலேயே தெரிந்திருக்காதா?

பத்து மணிக்குக் கிளைக்குப் போனால், "கணக்கு கோயம்புத்தூர் பிராஞ்ச்ல இருக்கு, அங்க போங்க." அங்கே போன் போட்டால், "ஓடிபி கரெக்டா போட்டிருக்கு சார், எங்க சைடுல தப்பு இல்ல." எழுதிக் கொடுங்கள் என்றால், "மெயில் போடுங்க." மெயிலுக்கு இதுவரை வந்தது தானியங்கிப் பதில் ஒன்றுதான். ₹1,87,400 என்பது அந்த வீட்டில் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ்.

"ஓடிபி சரியாக இருந்தது" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே இருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. முதல் ₹1,48,400-க்கு அவர்கள் வாதம் பண்ணலாம். அந்த ₹39,000-க்கு எந்த வாதமும் கிடையாது. அதனால்தான் புகார் சொன்ன நேரமும் புகார் எண்ணும் இவ்வளவு முக்கியம். கால் லாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

விரிவாக எழுத இப்போது நிதானம் இல்லை. இதையாவது செய்யுங்கள்.

சலான் உண்மையா என்று பார்க்க அரசின் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போடுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அரசு எதையும் ஏபிகேயாக வாட்ஸ்அப்பில் அனுப்பாது. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், வங்கி கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும் இதேதான். செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' பகுதிக்குப் போய் வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியை அணைத்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் அந்த ஃபோனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஃபோனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு "அக்கவுண்டுக்கே டெபிட் ஃப்ரீஸ் போடுங்க, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். டெபிட் ஃப்ரீஸ் என்றால் கணக்கிலிருந்து எந்த வழியிலும் பணம் வெளியே போகாமல் முடக்குவது. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்யத்தான் வேண்டும், ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த மெசேஜ், அனுப்பிய எண், ஏபிகேயின் பெயர், ஆப் பட்டியல் எல்லாவற்றையும் இன்னொரு ஃபோனால் படம் எடுத்த பிறகு செய்யுங்கள். போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.