போஸ்ட்கார்டா, சேராவா, ஃப்ளையிங் நன்னா: குட்டி ராக் லேபிள் சிங்கிள்ஸ் சேர்க்க எது தோதுப்படும்?

ஒரே ஒரு குட்டி லேபிளப் (ரெக்கார்டு கம்பெனிய) புடிச்சு அதோட சிங்கிள்ஸ், அதாவது சைடுக்கு ஒரு பாட்டா வர்ற 7 இன்ச் ரெக்கார்டு, மொத்தத்தையும் சேத்துடணும்னு கிளம்பற ஆளுங்க பெரும்பாலும் பாதியில விட்டுடுவாங்க, காரணம் காசு மட்டும் இல்ல, லிஸ்ட் எங்க முடியுதுன்னு பாக்காமலே ஆரம்பிச்சுடறதுதான். பாட்டு கேக்க மட்டும்னா ஸ்ட்ரீமிங் போதும். சேக்கறதுன்னு வந்துட்டா மூணு விஷயம் பாக்கணும்: லிஸ்ட் முடியுமா, கிடைக்கிறது ஒரிஜினல்தானான்னு சொல்ல முடியுமா, நம்ம ஊருக்கு வந்து சேர எவ்ளோ ஆகும். இந்த மூணையும் வெச்சுதான் இங்க பாக்கப்போறேன், யார் பெரிய பேண்டுன்னு சண்டைக்கு நான் வரல.

முதல்ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல இருந்த போஸ்ட்கார்டு லேபிள். 185 வெஸ்ட் பிரின்சஸ் ஸ்ட்ரீட்ல அத நடத்தின ஆலன் ஹார்னோட ஃப்ளாட்டு, அதுதான் ஆபீஸ். 1980, 81 ரெண்டே வருஷம், அதுக்குள்ள 11 சிங்கிள் ஒரு எல்பி, அவ்ளோதான் முதல் இன்னிங்ஸ். ரெக்கார்டு நடுவுல ஒட்டற வட்டப் பேப்பர்ல பூனை ஒண்ணு டிரம் அடிச்சிட்டு இருக்கும், கீழ 'இளைய ஸ்காட்லாந்தின் சவுண்டு'ன்னு அமெரிக்க மோட்டவுன் கம்பெனி வாசகத்துல ஊரு பேர மட்டும் மாத்தி சுட்டு போட்டிருப்பாங்க, அந்தத் திமிரு எனக்கு ரொம்பப் புடிக்கும். நம்பர் போட்ட விதமும் ஈஸி, முதல்ல வருஷம், அப்புறம் வரிசை: 80-1 ஆரஞ்ச் ஜூஸ் பேண்டு, 80-3 எடின்பரோ பசங்க ஜோசஃப் கே, 80-4 ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல இருந்து வந்த தி கோ-பிட்வீன்ஸ் (அதுல டிரம் வாசிச்சது ஆரஞ்ச் ஜூஸோட ஸ்டீவன் டேலி), 81-3 ஆஸ்டெக் கேமரா, அதோட பாட்டுக்காரர் ராடி ஃப்ரேம் அப்போ இன்னும் டீனேஜ் பையன். 81-1, 81-6 ரெண்டையும் தேடாதீங்க, அப்படி ஒண்ணு வெளியவே வரல. முதல்ல சொன்னது நிறுத்தி வெச்ச ஜோசஃப் கே எல்பி, அடுத்தது வராமப் போன ஆரஞ்ச் ஜூஸ் சிங்கிள். இது தெரியாம 'ரெண்டு நம்பர் மட்டும் சிக்கவே மாட்டேங்குது'ன்னு பொலம்பறவங்கள நிறையப் பாக்கலாம்.

சிக்கல் 80-1ல இருக்கு. சுமார் ஆயிரம் காப்பிதான் அடிச்சாங்க, கூட ஒரு ஃப்ளெக்ஸி டிஸ்க்கும் ஒரு போஸ்ட்கார்டும் உள்ள வெச்சுக் குடுத்தாங்க. நாப்பது வருஷத்துல அந்த மெல்லிசு பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸி எங்கயோ போயிருக்கும், கார்டு எவன் டிராயர்லயோ கிடக்கும். அதனால விக்கறவர் 'கம்ப்ளீட்'னு போட்டா மூணும் ஒரே ஃபோட்டோவுல தெரியுதான்னு கேளுங்க. மிச்ச பத்துல பலதும் பொறுமையா இருந்தா நியாயமான விலைக்கு மாட்டும். பாட்டு மட்டும் வேணும்னா டோமினோ லேபிள் 2005ல போட்ட ஆரஞ்ச் ஜூஸ் தொகுப்பும் 2006ல போட்ட ஜோசஃப் கே தொகுப்பும் வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம், ஆனா அந்தப் பூனை வராது.

அடுத்து பிரிஸ்டல்ல இருந்த சேரா ரெக்கார்ட்ஸ். கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் ரெண்டு பேரும் 1987ல ஆரம்பிச்சு, 1995ல சேரா 100ன்னு ஒரு தொகுப்பு சிடி போட்டு, பத்திரிகையில விளம்பரம் குடுத்து, அத்தோட மூடிட்டாங்க. நல்லா ஓடிட்டிருக்கும்போதே 'நூறு போதும்'னு நிறுத்தின லேபிள் வேற எது இருக்கு? சேக்கறவங்களுக்கு இதவிட சுத்தமான முடிவு கிடையாது. ஆனா நூறும் சிங்கிள் இல்ல, நடுவுல சில நம்பர் ஃபேன்ஸீன் (ரசிகர்கள் தாங்களே போடற குட்டிப் பத்திரிகை), 50வது நம்பர் ஒரு போர்டு கேம், நெஜமாவே தாயக்கட்டை உருட்டி ஆடற மாதிரி ஆட்டம். அதையும் சேக்கணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, நான் சேக்கணும்னுதான் சொல்வேன், நம்பர் இருக்குல்ல.

காசு விஷயத்துல, சேரா 1, அதாவது தி சீ அர்ச்சின்ஸ் சிங்கிள், நூறு பவுண்டத் தாண்டிப் போகும். நடுவுல வர்ற பல நம்பர் மலிவு, மொத்தமா போட்டா மட்டும் போஸ்ட்கார்டவிட பட்ஜெட் எகிறிடும், ஏன்னா எண்ணிக்கை. இன்னொண்ணு, ஆரம்ப கால சேரா கவர் ஒட்டின கவர் கிடையாது, மடிச்ச பேப்பர், அத பிளாஸ்டிக் பையில போட்டு வித்தாங்க. நம்ம சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல அந்தப் பேப்பர்ல ஒரே மழைக்காலத்துல பழுப்புப் புள்ளி வந்துடும். அதோட பழைய கெட்டி பிவிசி கவர்ல வந்தா உடனே கழட்டிடுங்க, பிவிசியில இருந்து கசியற ரசாயனம் ரெக்கார்டு மேல பனி படிஞ்ச மாதிரி ஆக்கிடும், அது தொடைச்சா போறது இல்ல. சாதா பாலித்தீன் கவரே போதும்.

இப்ப நியூசிலாந்துக்கு வருவோம். 1981ல ரோஜர் ஷெப்பர்ட் கிறைஸ்ட்சர்ச்ல ஆரம்பிச்ச ஃப்ளையிங் நன். பாட்டு வெச்சு மட்டும் பாத்தா என் ஓட்டு இதுக்குத்தான், சந்தேகமே இல்ல. முதல் ரிலீஸ் தி பின் குரூப், கருப்பு கவர்ல ரோனி வான் ஹௌட் ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணினது, சில நூறு காப்பிதான். ரெண்டாவது தி க்ளீன், டனீடின் பசங்க, வெறும் 50 டாலர் செலவுல ரெக்கார்டு பண்ணி நியூசிலாந்து சார்ட்ல 19வது எடத்துக்குப் போயிட்டாங்க, அதுல கீபோர்டு வாசிச்சவர் இன்னொரு டனீடின் பேண்டு தி சில்ஸோட மார்ட்டின் ஃபிலிப்ஸ். ஒரு சின்ன ஊரு பேண்டு, பெரிய கம்பெனி யாரும் சீந்தல, கடைக்காரப் பையன் ஒருத்தன் போட்ட சிங்கிள் டாப் 20ன்னா அங்க இருந்த மத்த பசங்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும்! அடுத்து வந்த அவங்க ஈபியை (சிங்கிளவிட நீளம், எல்பியவிட சின்னது) கிறிஸ் நாக்ஸும் டக் ஹூடும் நாலு டிராக் மெஷின்ல பதிவு பண்ணினாங்க, அது சார்ட்ல ஆறு மாசத்துக்குப் பக்கமா உக்காந்துச்சு.

ஆனா சேக்கறவனுக்கு இது தலைவலி. முக்கியமானது பலதும் 12 இன்ச் ஈபி, 7 இன்ச் மட்டும்தான்னு பிடிவாதமா இருந்தா கதையில பாதி போச்சு. 1982ல வந்த டனீடின் டபுள்கூட ரெண்டு 12 இன்ச்சு, நாலு பேண்டு, ஆளுக்கு ஒரு சைடு. லிஸ்ட்டுக்கும் முடிவு இல்ல, லேபிள் கைமாறி கைமாறி வார்னர்கிட்ட போய் 2009ல ஷெப்பர்டே திரும்ப வாங்கி இன்னும் ஓடிட்டிருக்கு. நியூசிலாந்து லோயர் ஹட்ல ரெக்கார்டு அடிச்சிட்டிருந்த இஎம்ஐ ஆலையை 1987ல மூடிட்டாங்க, அதனால 1981ல இருந்து 87க்குள்ள வந்தத மட்டும்னு நீங்களே ஒரு கோடு போட்டுக்கிட்டாதான் இது சேக்கற மாதிரி இருக்கும். அப்புறம் பார்சல். 7 இன்ச் ரெக்கார்டு நாப்பது கிராம் சொச்சம், அத சுத்தற அட்டை அதவிட கனம், நியூசிலாந்துல இருந்து ஒண்ணு ஒண்ணா வரவழைச்சா தபால் காசே ரெக்கார்டு விலையத் தாண்டும், மேல கஸ்டம்ஸ் வேற. அஞ்சாறு சேத்து ஒரே விக்கறவர்கிட்ட வாங்கறதத் தவிர வழி இல்ல.

அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கற சப் பாப் லேபிள ஏன் விட்டுட்டன்னு யாராச்சும் கேப்பீங்க. 1988ல அவங்க சிங்கிள்ஸ் கிளப்போட (சந்தா கட்டினவங்களுக்கு சிங்கிள் அனுப்பற திட்டம்) முதல் வெளியீடு நிர்வானா, ஆயிரம் காப்பி, கையால நம்பர் போட்டது. அதுக்கு டூப்ளிகேட் மார்க்கெட்ல நடமாடுது. ஒரிஜினல்ல, கடைசி பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல இருக்கற வழவழப்பான வட்டத்துல 'அந்த கிடாரையெல்லாம் குடுத்துட்டு மண்வெட்டி வாங்கிக்கக் கூடாதா'ங்கற மாதிரி ஒரு நக்கல் வரி இங்கிலீஷ்ல கீறியிருக்கும், லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாத்தா தெரியும். அந்த எடத்தோட க்ளோஸ் அப் ஃபோட்டோ அனுப்ப மாட்டேன்னு சொல்ற விக்கறவர்கிட்ட பேச்ச அங்கயே நிறுத்திடலாம். என்னப் பொறுத்தவரைக்கும் இது சேக்கறது இல்ல, ஷேர் மார்க்கெட். பெல்ஃபாஸ்ட் லேபிள் குட் வைப்ரேஷன்ஸ் நல்ல சாய்ஸ்தான், டெர்ரி ஹூலி ரெக்கார்டு கடையில இருந்து 1978ல கிளம்பினது, ஆனா கவர் எல்லாம் மடிச்ச போஸ்டர் பேப்பர், மடிப்புல கிழியாம ஒண்ணு கிடைக்கறது கஷ்டம்.

ஆக, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு போஸ்ட்கார்டு. 80-1ஐ கடைசிக்கு வெச்சுட்டு 81 நம்பர்கள்ல இருந்து ஆரம்பிங்க. பத்து வந்ததும் அந்த ஒண்ணுக்கு அவ்ளோ காசு போடணுமான்னு அப்ப யோசிச்சுக்கலாம், போடலன்னாலும் மிச்சம் பத்தும் கேக்கற மாதிரி பத்துதான். பொறுமையும் அலமாரியில எடமும் இருந்தா சேரா. ஃப்ளையிங் நன்னுக்கு 1986ல வந்த சில்ஸ் தொகுப்பும் க்ளீன் தொகுப்பும் வாங்கிப் போட்டுக் கேளுங்க, அதுக்கப்புறமும் ஒரிஜினல் வேணும்னு தோணிச்சுன்னா உங்களுக்கு வியாதி முத்திடுச்சுன்னு அர்த்தம், வாங்க, க்ரூப்புக்கு ஆள் வேணும்.