நாலாவது கியருக்கு அப்புறம் நியூட்ரல்

மச்சினன் மகன் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான்: "மாமா, அந்தச் சீன வண்டியைக் கொடுத்துட்டு ஒரு ஹோண்டா க்ளிக் ஸ்கூட்டர் எடுத்துக்க வேண்டியதுதானே?" போன வாரம் செயினும் இரண்டு பல்சக்கரமும் புதிதாக மாட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறேன், அப்போதும் அதே கேள்வி. வாயால் சொன்ன பதிலில் கோபம்தான் அதிகம் இருந்தது. அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

வண்டி எல்லோருக்கும் தெரிந்த ரகம். 125 சிசி, கார்புரேட்டர், கையில் கிளட்ச் இல்லாத நாலு கியர். ஹோண்டா 1958ல் சூப்பர் கப் என்று இறக்கிய அமைப்புக்கு எத்தனையாவதோ பேரப்பிள்ளை. கம்பெனிப் பெயர் வேண்டாம். பக்கக் கவரில் இருந்த பெயரும் வெயிலில் உரிந்து போய்விட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும்.

கைலியோடு காலைத் தூக்காமல் ஏறி உட்காரலாம். இங்கே பர்மாவில், மோல்மீனிலிருந்து முடோன் வரை ரப்பர் தோட்டங்களுக்குப் போய் ஷீட் பார்த்து விலை பேசுவது என் தொழில். பின்னால் கேரியரில் மாதிரி ஷீட்டுகளைக் கட்டிக்கொண்டு மண் பாதையில் இறங்கினாலும் 17 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் அமுங்காமல் ஏறி வந்துவிடும். ஆயில் மாற்றினால் ஒரு லிட்டர் டப்பாவில் கொஞ்சம் மிச்சம்கூட வரும்.

அந்தக் கியர் பெடலில் ஒரு சுகம் இருக்கிறது, பழகினவர்களுக்குத்தான் தெரியும். பெடலை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் கிளட்ச் விட்டிருக்கும். அழுத்தியபடியே லேசாக முறுக்கிவிட்டு, பாதத்தை மெதுவாகத் தளர்த்தினால் அடுத்த கியர் விழுந்ததே தெரியாது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாவின் தலைகூட ஆடாது. டக்கென்று விட்டால் முதுகில் ஒரு இடி விழும், வண்டியிடமிருந்து இல்லை.

அப்புறம் பெட்ரோல். பங்கில் வரிசை நீண்டுவிட்டால் எல்லோரும் போய் நிற்பது ரோட்டோரப் பாட்டில் கடையில்தான். அந்தப் பாட்டிலுக்குள் பெட்ரோலோடு வேறு என்னென்ன இருக்கும் என்று கடைக்காரருக்கே நிச்சயமில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டாயம் இருக்கும். இந்த ஊரில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பாட்டிலின் மூடி மட்டும் நனையாமல் இருக்குமா? என் வண்டி அதைக் குடித்துவிட்டு இரண்டு முறை இருமி நின்றால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் தண்ணீர் வடிந்துவிடும். கலங்கலாக வருவது தெளிந்து, பெட்ரோல் வாசனை தூக்கலானதும் மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும், மெக்கானிக் வேண்டாம்.

இப்படிப்பட்ட வண்டியை எதற்கு மாற்றுவது என்று கேட்பீர்கள். நாலாவது கியருக்காகத்தான்.

பெடலை முன்னால் அழுத்தினால் கியர் கூடும், குதிகாலால் அழுத்தினால் குறையும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் இருக்கும்போது மறந்துபோய் இன்னொரு முறை முன்னால் அழுத்தினால் சுற்றி வந்து நியூட்ரல். மறுபடியும் அழுத்தினால் ஒன்று. சிக்னலில் நிற்கும்போது இது வசதிதான், நாலிலிருந்து ஒரே அழுத்தில் நியூட்ரலுக்கு வந்துவிடலாம். தாய்லாந்திலிருந்து வரும் ஹோண்டா வேவிலும் இப்படிச் சுற்றும். ஆனால் நின்றால் மட்டும்தான் சுற்றும். ஓடும்போது நாலைத் தாண்ட விடாமல் உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. என் வண்டியில் அந்தத் தடுப்பு கிடையாது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு சின்ன இரும்புத் துண்டை மிச்சம் பிடித்திருக்கிறான்.

2005ல் திறந்த சல்வீன் பாலத்தில் போய்ப் பாருங்கள். பக்கவாட்டில் ஆற்றுக்காற்று, பின்னால் லாரி. நாலில் இருக்கிறோமா மூன்றில் இருக்கிறோமா என்று ஒரு சந்தேகம் வரும். டயலில் சின்ன விளக்கு இருக்கிறது, பட்டப்பகலில் அது எரிவது கடவுளுக்குத்தான் தெரியும். சரி, ஒரு அழுத்து அழுத்துவோம் என்று அழுத்தினால் எஞ்சின் வீறிடும், வேகம் குறையும், லாரிக்காரர் ஹாரனில் கை வைப்பார். அந்தப் பதற்றத்தில் குதிகால் போக வேண்டிய இடத்தில் முன்பாதம் போனால் முதல் கியர் விழும். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு வால் ஆடும். மழையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970லேயே வலதுபக்கப் போக்குவரத்துக்கு மாறியாயிற்று, ஆனால் ஓடுகிற ஜப்பான் கார்களில் ஸ்டியரிங்கும் வலதுபக்கம். முந்த நினைக்கிறவருக்கு எதிரே வருவது தெரியாது, முதலில் மூக்கை நீட்டித்தான் பார்ப்பார். எதிரில் வருகிற நாம் சட்டென்று கியர் குறைத்து ஒதுங்க வேண்டும். அந்த நொடியில் என் இடது கால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

மெக்கானிக்கிடம் கேட்டேன், அந்தத் தடுப்பை உள்ளே வைக்க முடியாதா என்று. கியர் டிரம்முக்குக் கை போக வேண்டுமென்றால் எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு வண்டி பார்க்கலாம் என்றார். நியாயமான மனிதர்.

வேறு வண்டி பார்த்தேன். மச்சினன் மகன் சொன்ன க்ளிக் 125, கொஞ்சம் ஓடியது, ஓனர் புக்கோடு. பதிவு இல்லாத 'வித்தவுட்' வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும்தான், ஆனால் ஒவ்வொரு சோதனைக் கேட்டிலும் பதில் சொல்லிக்கொண்டு ரப்பர் வாங்கப் போக முடியாது. முடோன் வரை ஓட்டிப் பார்த்தேன். கியரே இல்லை. முறுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது. இடது காலுக்கு வேலையில்லாமல் வைக்க இடம் தேடியது.

குறையும் இருக்கிறது. காலடியில் நடுவில் மேடு, அதனால் மூட்டை வைக்க முடியாது. 14 அங்குலச் சக்கரம், தோட்டத்துப் பாதையில் முதுகெலும்பை எண்ணலாம். பெல்ட்டை 24,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். தாய்லாந்து எல்லைக்குப் போகிற மியாவாடி ரோட்டின் நிலைமைக்கு, தாய்லாந்து சாமான் எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று கடைக்காரரே கை விரிக்கிறார். நான் பார்த்த வண்டியில் உதைக்கிற கட்டை கிடையாது, பேட்டரி படுத்தால் தள்ள வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கார்புரேட்டருக்குப் பதிலாக இருக்கிற ஊசி முனை இன்ஜெக்டருக்குப் பாட்டில் பெட்ரோல் ஆகாது. திருகைத் தளர்த்தி வடிக்கிற சங்கதியெல்லாம் அங்கே நடக்காது. ரங்கூனில் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்கே தடை, அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கணக்குப் பார்த்தால் பழைய கார்புரேட்டர் வேவ் ஒன்று தேடி வாங்குவதுதான் புத்தி. அதே பெடல், அதே திருகு, தடுப்பும் இருக்கும். மேல் பணமும் குறைவு. மச்சினன் மகனிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் நான் க்ளிக்தான் எடுக்கப் போகிறேன். தீபாவளிக்கு முன்னால். இடது காலை இனிமேல் எந்தப் பெடலின் மேலும் வைக்கிற பொறுமை எனக்கு இல்லை, அது தடுப்பு உள்ள பெடலாகவே இருக்கட்டும். பாட்டில் பெட்ரோல் போடாமல் பங்கு வரிசையில் நின்றுகொள்கிறேன்.

சீன வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கும் முன்பே நாலாவதைப் பற்றிச் சொல்லிவிடுவேன், அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் தருவேன். செயின் செட் புதிது, அதில் ஒரு காசு குறைக்க மாட்டேன்.