மட்டம் பார்க்காமல் போட்ட கராஜ்: சரிவுக் காணிக்காரர் கவனத்துக்கு

பாமன்கடைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் எங்களுக்கு 8 பேர்ச்சஸுக்குச் (ஒரு பேர்ச்சஸ் என்பது சுமார் 272 சதுர அடி) சற்றுக் கூடுதலான காணி இருக்கிறது. வீதிப்பக்கம் 30 அடி, பின்பக்கம் 20 அடி. வலப்பக்க எல்லை உள்நோக்கிச் சாய்ந்து ஓடுகிறது. வாசலில் இருந்து வீட்டை நோக்கி நிலம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தக் காணியில் கராஜ் கட்டித் தருவதாகச் சொல்லி, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கங்களில் வீட்டு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஒருவர் என்னிடம் 4 இலட்சம் ரூபாய் முற்பணம் வாங்கினார். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. வேலை செய்யும் விதத்தை மட்டும் எழுதுகிறேன், அதைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதல்நாள் அவர் ஒரு அளவு நாடாவோடு வந்து கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டார். நில அளவைப் படத்தை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றும் அவர் அதை விரித்துப் பார்க்கவில்லை. நாலைந்து நாளில் கொண்டுவந்த வரைபடத்தில், வீட்டை ஒட்டி, வீட்டுத் தரை மட்டத்தில், 18 அடிக்கு 10 அடி நீள்சதுரம் ஒன்று அழகாக வரையப்பட்டிருந்தது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் அதில் இல்லை என்பதைக் கவனிக்காமல் பணத்தைக் கொடுத்தது என்னுடைய பிழை.

வேலை தொடங்கிய அன்று வந்த வயதான மேசன் பாஸ்தான் முதலில் தலையைச் சொறிந்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை வாசல் தூணில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு உள்ளே 18 அடி தள்ளிப் போய் நின்றார். தண்ணீர் ஆடி அடங்கியதும் பென்சிலால் கோடு போட்டு அளந்தார்: வாசலைவிட நிலம் 4 அடி தாழ்வு. அதாவது நாலரை அடிக்கு ஓரடி இறக்கம். எட்டடிக்கு ஓரடியைவிடச் செங்குத்தானால் சாதாரணக் கார் சிரமப்படும். அந்தக் கணக்கில் இறங்க 32 அடி ஓட்டம் வேண்டும், எங்களிடம் இருந்ததோ 18 அடி. காரின் அடிப்பாகம் மேல் விளிம்பிலும், முன் பம்பர் கீழேயும் இடிக்கும் என்று பாஸ் கையை வளைத்துக் காட்டினார். வீதித் தண்ணீர் முழுவதும் கராஜுக்குள் வந்து நிற்கும் என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன்.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அண்ணை, யோசிக்காதேங்கோ, கராஜை வாசலுக்கு இழுத்து, நிரப்பிப்போட்டு வீதி மட்டத்துக்குக் கட்டுவம்" என்றார். மேடாக்குவது உண்மையில் சரியான வழிதான். ஆனால் அப்படிச் செய்தால் சாதாரணச் சுவர், மண்ணைத் தாங்கும் சுவராக மாறிவிடுகிறது. அதற்கென்று எந்தக் கணக்கும் போடாமல், பின்பக்கத்தில் 4 அடி உயர மண்ணை 6 அங்குல சீமெந்துக் கல்லுச் சுவரிடம் ஒப்படைத்தார். மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டியவர், உடைந்த ஓடும் சாந்துக் கட்டியும் கலந்து ஒரே நாளில் கொட்டி முடித்தார்.

பள்ளத்தை நிரப்பிய கிறவல் மண்ணுக்கு அவர் தந்த பில்லில் 9 கியூப் என்று இருந்தது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. 18 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 720 கன அடி. இறுக்கத்துக்குக் கால்பங்கு கூட்டினால் 9 கியூப் வரும். ஆனால் எங்கள் பள்ளம் பெட்டி அல்ல, ஆப்பு: வாசலில் பூச்சியம், உள்ளே 4 அடி. சரிபாதியான நாலரைக் கியூப்தான் தேவை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பணம் கொடுத்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு.

ஒக்டோபர் மழையில் பின்சுவர் வயிறு தள்ளியது. உள்ளே தேங்கிய நீர் வடிய ஒரு துளைகூட வைக்கப்படவில்லை. கொங்கிறீற்றுத் தரை மூலைக்கு மூலை வெடித்து, ஒருபக்கம் 2 அங்குலம் இறங்கியது. அதைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, வலப்பக்கச் சுவர் தன்னுடைய காணிக்குள் வருகிறதே என்று மெதுவாகக் கேட்டார். உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து அளந்தோம். உள்முனையில் 7 அங்குலம் அத்துமீறியிருந்தது. ஒப்பந்தக்காரர் எல்லைக் கற்களை வைத்துக்கொண்டு நூல் பிடிக்காமல், வீதி ஓரத்தை நேர்கோடு என்று நம்பி அதிலிருந்து மட்டக்கோணம் எடுத்திருக்கிறார். கோணம் 2 பாகை பிசகினாலே 18 அடியில் ஏழரை அங்குலம் விலகிவிடும்.

"கார் விடுகிற கொட்டகைக்கு அனுமதி தேவையில்லை" என்று அவர் சொன்னதும் பொய். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் இத்தகைய கட்டட வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வாசலுக்கு நெருக்கமாக இழுத்தபோதே வீதிக் கோடு (வீதிக்கென்று ஒதுக்கிய எல்லை) எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

சுவரை இடித்துவிட்டோம். ஒப்பந்தக்காரர் 45,000 ரூபாயைத் திருப்பித் தந்ததோடு தொலைபேசியை எடுப்பதில்லை. அவர் தந்த வரைபடத் தாளைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோக எடுத்தபோதுதான் கீழ் மூலையில் வெள்ளை மை பூசியிருந்ததைக் கண்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அதற்கடியில் பத்தரமுல்லை முகவரி ஒன்றும், "12 பேர்ச்சஸ், சமதரை" என்ற குறிப்பும் தெரிகின்றன. அதே நீள்சதுரத்தை உங்களிடமும் யாராவது நீட்டினால், முதலில் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.