கம்பெனி செலவில் ஆறு கவுன்சலிங் செஷன்: போகலாமா?

"ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தாலே வயிற்றைக் கலக்கும் எனக்கு. எட்டு வருஷமாக சாஃப்ட்வேரில் பேக்-எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலை, ஆபீஸ் பெருங்குடியில். போன வருஷம் ஆன்-கால் வாரங்களில் (சிஸ்டம் கோளாறானால் எந்நேரமும் போனை எடுக்க வேண்டிய முறை) போன் அடிக்காமலேயே அடித்த மாதிரி தோன்றி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான், கம்பெனி நமக்காக ஒப்பந்தம் போட்டிருக்கிற கவுன்சலிங் சேவை ஞாபகம் வந்தது. மாதம் ஒருமுறை ஹெச்.ஆர். மெயில் வரும், ஒருத்தரும் திறக்க மாட்டோம், அதுதான். அந்தச் சேவையின் பெயர் சொல்லப் போவதில்லை.

ஆப் படு சுமார். பதிவு செய்யவே ஆபீஸ் மெயில் ஐடி கேட்கிறது. ஏற்கெனவே பயந்து போய் வருகிறவருக்கு இதுவே போதும். உட்கார்ந்து விதிமுறைகளை முழுசாகப் படித்தேன். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்கிற கணக்கு மட்டும்தான் கம்பெனிக்குப் போகுமாம், யார் என்று போகாதாம். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே நமக்கு இருக்கிற உரிமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

அப்புறம் பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள். போன இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஏழு கேள்வி, மொத்தம் 21 மதிப்பெண், 10-ஐத் தொட்டால் கொஞ்சம் கவனிக்க வேண்டிய நிலை. எனக்கு 13.

முதல் செஷன் வீண். ரோல்பேக் என்றால் என்ன (கோளாறான மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்புவது) என்று விளக்கவே பத்து நிமிஷம் போனது, மிச்சம் மூச்சுப்பயிற்சி. விட்டுவிடலாம் என்றிருந்தேன். மூன்றாவது செஷனில் அந்தக் கவுன்சலர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (புது நிரலை நிஜ சர்வரில் ஏற்றுவது) முன்னால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று நோட்டில் எழுத வேண்டும், மறுநாள் பக்கத்திலேயே நிஜமாக நடந்ததை எழுத வேண்டும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் இது ரொம்பப் பழைய உத்தியாம். நான்கு வாரத்தில் 23 டிப்ளாய் எழுதினேன். பெரும்பாலும் 80, 90 சதவீதம் என்று போட்டிருக்கிறேன். சொதப்பியது இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று நான் கனவிலும் நினைக்காத கான்ஃபிக் (செட்டிங்) பிழை, இருபது நிமிஷத்தில் சரியானது, யாரும் கத்தவில்லை. வேறொரு விஷயமும் அந்த நோட்டால்தான் தெரிந்தது. டிப்ளாய் முடிந்ததும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிஸ்டம் நிலையைக் காட்டும் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பது என் பழக்கம், பொறுப்பான ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது சிரங்கைச் சொறிகிற கதைதான், அந்த நிமிஷம் சுகம், அப்புறம் அரிப்பு இன்னும் கூடும். அலர்ட் வந்தால் மட்டும் பார்ப்பது என்று பழக மூன்று வாரம் ஆனது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஸ்லாட் எல்லாம் ஆபீஸ் நேரத்தில்தான். கண்ணாடி மீட்டிங் ரூமில் உட்கார்ந்து அழவா முடியும்? பேஸ்மென்ட்டில் காருக்குள் இருந்து பேசினேன், பாதி நேரம் சிக்னல் இல்லை. ஐந்தாவது செஷனில் ஆளையே மாற்றிவிட்டார்கள், மறுபடி முதலிலிருந்து ராமாயணம். இதைவிடப் பெரிய விஷயம், நான்கு பேர் பார்க்க வேண்டிய ஆன்-காலை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு எந்தக் கவுன்சலரும் ஒன்றும் செய்ய முடியாது. டீம் லீடிடம் போய் நானே கேட்டுத்தான் மூன்றாவது ஆளை வாங்கினேன். கடைசியில் ஜிஏடி மதிப்பெண் 7. அதில் பாதி அந்த மூன்றாவது ஆளால் என்பது என் கணக்கு.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். போகிறவர்கள் சனிக்கிழமை ஸ்லாட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், ஆறு செஷனும் ஒரே ஆள்தான் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். கம்பெனி வாசனையே வேண்டாம் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், ஆபீஸ் மெயில் ஐடி தேவையில்லை.