புது மரவேலிக்கு எந்த ஸ்டெயின்?

டொராண்டோ பக்கம் கோடையில் புது வேலி போட்ட கையோடு ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறமும் பாதுகாப்பும் தரும் பூச்சு, தேடிக் கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன் மரம் என்ன மரம் என்று பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பிரஷர் ட்ரீட்டட் பலகையில் செம்பு கலந்த மருந்தை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அந்த லேசான பச்சை அதனால் வருவது. பெரும்பாலும் ஈரம் காயாமலே விற்பனைக்கு வரும். ஈர மரத்தில் ஸ்டெயின் இறங்காது. சில வாரம், சிலநேரம் இரண்டு மூன்று மாதம்கூட பொறுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் இன்னும் நாளாகும், உறிஞ்சினால் தயார். சீடர் மரத்துக்கு இவ்வளவு காத்திருப்பு வேண்டாம். மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் மேல்பரப்பு நரைத்து, ஸ்டெயின் சரியாகப் பிடிக்காது.

சரி, எந்த வகை? டிரான்ஸ்பரன்ட் ஸ்டெயினில் மர ரேகை அழகாகத் தெரியும். ஆனால் வெயிலைத் தடுப்பது நிறமிதான்; அது இதில் குறைவு. ஓரிரு வருடத்தில் மறுபடி பிரஷ் பிடிக்க வேண்டும். சாலிட் ஸ்டெயின் கிட்டத்தட்ட பெயின்ட் மாதிரி. அதிக வருடம் தாங்கும், உண்மை. ஆனால் மேலே படலமாக நிற்பதால், பின்னாலிருந்து ஈரம் ஏறினால் உரியும். பலகை இடுக்கெல்லாம் சுரண்டுவது பெரிய தலைவலி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது செமி டிரான்ஸ்பரன்ட். புது வேலிக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதன்மேல் பிற்பாடு சாலிட் அடிக்கலாம்; சாலிட் அடித்தபின் இதற்குத் திரும்ப வேண்டுமானால் முழுக்கச் சுரண்டியாக வேண்டும். பழைய பலகையும் புதுப் பலகையும் கலந்த வேலி என்றால் சாலிட்டே சரி.

எண்ணெய் ஸ்டெயின் மரத்துக்குள் நன்றாக இறங்கும். மங்குமே தவிர, பொதுவாக உரியாது. காய நேரமாகும், வாடையும் அதிகம். தண்ணீர் ஸ்டெயின் சீக்கிரம் காயும், பிரஷ்ஷை சோப்பு போட்டுக் கழுவினால் போதும். அவசரம் இல்லாதவர்கள் எண்ணெயையே எடுக்கலாம். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

ஸ்பிரே மெஷின் வேகம்தான். காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கார்மேலும் படியும். அடித்த உடனே பிரஷ்ஷால் தேய்த்துவிடாவிட்டால் மேலோடு நின்றுவிடும். ரோலர் இடுக்குக்குள் போகாது. நீளமான வேலி என்றால் ஒருவர் ஸ்பிரே அடிக்க, இன்னொருவர் பின்னாலேயே பிரஷ்ஷோடு வருவது நல்ல ஏற்பாடு. சின்ன வேலிக்குப் பிரஷ் மட்டுமே போதும்.

உச்சி வெயிலில் அடிக்க வேண்டாம். ஓரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு பலகையை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பலகையின் மேல் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே உறிஞ்சும் மட்டும் கொடுத்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.