கூரையில் சோலார், வாசலில் மின்சார ஸ்கூட்டர்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

சோலார் போட்டவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோவாட்?" என்றுதான். எங்கள் வீட்டில் 3 கிலோவாட். கூடவே ஒரு மின்சார ஸ்கூட்டர். இரண்டையும் சில வருடங்களாகப் புழங்கிய பிறகு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு: வீட்டில் கரண்ட் எந்த நேரத்தில் செலவாகிறது?

பேனல் நன்றாகத் தருவது நண்பகலை ஒட்டிய நாலைந்து மணி நேரம்தான். அப்போது வீட்டில் பெரும்பாலும் ஆள் இருக்காது, ஸ்கூட்டரும் வெளியே போயிருக்கும். எல்லோரும் திரும்பி வந்து விளக்கு, ஏசி, சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போடும்போது சூரியன் இறங்கியிருக்கும். பகலில் மிஞ்சியது கிரிட்டுக்கு, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் தரும் பொது மின் லைனுக்குப் போகிறது, இரவில் வேண்டியது அங்கிருந்து வருகிறது. பில்லில் இரண்டும் ஈடாகலாம். அந்த விதி இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பல இடங்களில் இரவுக் கரண்டின் பெரும்பகுதி நிலக்கரியோ எரிவாயுவோ எரித்து வருவது. பில் பூஜ்யம் என்பதால் புகையும் பூஜ்யம் என்று ஆகிவிடாது.

அதனால் வேலைகளின் நேரத்தை மாற்றினோம். வாஷிங் மெஷினும் இஸ்திரியும் பகலுக்கு வந்தன. கீசருக்கு ஒரு டைமர் போட்டு மதியத்தில் ஓட விட்டோம். தொட்டியின் இன்சுலேஷன் நன்றாக இருந்தால் சூடு ராத்திரிவரை தாங்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களிலும் விடுமுறைகளிலும் ஸ்கூட்டருக்குப் பகல் சார்ஜ். பேனல் போட்டதைவிட இந்த மாற்றங்களில்தான் எனக்குத் திருப்தி அதிகம். பெரிய செலவும் இல்லை.

பேனலைப் பற்றி விற்பவர்கள் விளக்கிச் சொல்லாத விஷயம், சூடு. பேனலின் வாட் கணக்கு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது. கொளுத்துகிற வெயிலில் கூரை மேல் அது 60 டிகிரியைத் தாண்டும். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஆக, எங்களுக்குக் கிடைத்த சிறந்த நாட்கள் கோடையின் உச்சத்தில் இல்லை. மழை விட்டு வானம் தெளிந்த, காற்று குளிர்ந்த நாட்கள். நிழல் அதைவிட மோசம். பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றையும் இழுக்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிட உள்ளே இருக்கும் பைபாஸ் டயோடுகள் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். பக்கத்து மரம் வளர வளர மாலை நேர உற்பத்தி இறங்குவது ஆப்பில் கண்கூடாகத் தெரிந்தது. தூசியை மழை பார்த்துக்கொள்ளும். மழை இல்லாத மாதங்களில் அதிகாலையில் கழுவலாம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். விருந்தினர் யாரும் இதை நம்புவதில்லை. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே கிரிட் இன்வெர்ட்டர் (பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி லைனோடு இணைக்கும் பெட்டி) அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. நியாயம்தான். ஆனாலும் பட்டப்பகலில் தலைக்கு மேல் பேனலை வைத்துக்கொண்டு வியர்த்து உட்காருவது எரிச்சல்.

சரி, ஸ்கூட்டர். விளம்பரத்தில் சொன்ன ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், எனக்குக் கிடைத்ததே இல்லை. வேகம்தான் காரணம்: வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். டயரில் காற்று குறைந்தாலும் ரேஞ்ச் இறங்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தருவதால் பிரேக் ஷூ அவ்வளவாகத் தேயவில்லை. பேட்டரி நிறைந்திருக்கும்போது இந்தப் பிடி இருக்காது, பழகிக்கொள்ள வேண்டும். என் வண்டியில் இருப்பது நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி. எப்போதும் முழுசாக ஏற்றி வைத்தால் அது சீக்கிரம் தேயும். அதனால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துகிறேன். வெளியூர் போவதற்கு முன் மட்டும் முழுசாக ஏற்றுவேன். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியின் கணக்கு வேறு. அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் அதன் மீட்டர் சரியாகக் காட்டும். சர்வீஸ் சென்டரின் தாமதம் மட்டும் இன்னும் பொறுமையைச் சோதிக்கிறது.

"அந்தக் கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. மின்சார வண்டி பேட்டரியிலிருந்து எடுப்பதில் 80 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குப் போகும். கிரிட்டில் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட, வாங்கிய பழைய வண்டியே இன்னும் சுத்தமாகிறது. பெட்ரோல் வண்டியில் அது நடக்காது.

வீட்டுக்கு பேட்டரி வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கடி கரண்ட் போகிற இடமாக இருந்தால் யோசிக்காமல் வைத்திருப்பேன். இங்கே அப்படி இல்லை. 75 வாட் ஃபேன்களை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன்கள் மாட்டிய பிறகு ராத்திரிச் செலவு நன்றாகவே இறங்கியது. அப்புறம் பெரிதாக மிச்சமிருப்பது பழைய ஏசி ஒன்றுதான். பேட்டரிக்கு முன்னால் அதை மாற்றுவதாக இருக்கிறேன்.